கட்டாமல் விட்ட நாற்காலி

சீப்புப் பெட்டியும் நாலு சட்டையுமாகச் சலூன்காரன் அந்தப் பழைய வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்த நாள் முதல் அவனுக்கு ஒரே எதிரி, பின்வாசலில் கிடந்த பிரம்பு நாற்காலி. மனைவியின் முதல் கணவனுடையது. லாரியில் சரக்குக் கட்டிப் பிழைத்த ஆள். செத்துப் பல வருடமாகியும் நாற்காலியை மட்டும் காலி செய்யவில்லை.

அன்று மதியம் புயல் எச்சரிக்கை வந்தது. வெளியே கிடப்பதையெல்லாம் கட்டிவைக்கக் கயிற்றோடு இறங்கினான். ஏணி, வாளி, தகரத் தட்டி, பூந்தொட்டி. எல்லாவற்றுக்கும், முடி வெட்ட உட்காருபவர் கழுத்தில் துணி கட்டும் அதே முடிச்சு. ஓர் இழுப்பில் அவிழ்ந்துவிடும். அவன் கைக்கு வேறு முடிச்சு தெரியாது.

மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "காத்துக்கு முடி வெட்டப் போறீங்களா? அவர் கட்டினா அறுத்துத்தான் எடுக்கணும்."

அவர். அந்த ஒரு சொல்லுக்கே அவன் வயிறு எரிந்தது. நாற்காலியையும் கட்டிவிடச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவன் கட்டவில்லை. காற்றோடு போய்த் தொலையட்டும்.

சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. முதல் காற்றிலேயே வாளி உருண்டது. பிறகு ஏணி. பிறகு தகரம் தடதடத்தது. அவன் முடிச்சுகள் மரியாதையாக ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொடுத்தன.

சட்டென்று உருட்டலும் தடதடப்பும் அடங்கின.

காற்று அடங்கவில்லை.

கயிறு இறுகும் ஓசை. கிறீச்... கிறீச்.

கதவிடுக்கில் டீசல் வாடை.

"யாருங்க வெளிய?" மனைவி கிசுகிசுத்தாள்.

"காத்துதான். நீ படு."

காற்று ஓய்ந்ததும் டார்ச்சோடு பின்வாசலுக்குப் போனான். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றிலும் முறுக்கிய இரட்டை முடிச்சு. நகம்கூட நுழையவில்லை.

நாற்காலி மட்டும் இல்லை.

அந்தப் பயத்திலும் அவனுக்கு ஒரு கேவலமான சந்தோஷம். உடனே வெட்கமாகவும் இருந்தது. பாவம், கடைசியாக ஒரு உதவி செய்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். முதல் தடவையாக அவனும் மனதுக்குள் 'அவர்' என்றான்.

படுக்கையறைக் கதவைத் திறந்தான்.

மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் படுக்கும் பக்கத்தில், கட்டில் காலோடு சேர்த்துக் கட்டப்பட்டு, பிரம்பு நாற்காலி. பொட்டு ஈரமில்லை. தொட்டுப் பார்த்தான். இருக்கை சூடாக இருந்தது.

பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றில் வைத்தான்.

கிறீச்.

முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகியது.