துடுப்பு காட்டிய பக்கம்

"அண்ணா...! அவரு படகு கவுந்து கெடக்கு!"

அவள் அலறல் பாறைச் சுவர்களில் மோதித் திரும்பியது.

இடப்பக்கம் ஒரு மரம் வேரோடு ஆற்றில் சாய்ந்து கிடந்தது. கிளைகளுக்கு அடியில்... மஞ்சள் ஹெல்மெட்! அவள் கணவன்.

மூச்சில்லை!

பாறையிலிருந்து அண்ணன் இறங்கி ஓடி வந்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"நான் வலதுன்னுதாம்மா துடுப்பைக் காட்டினேன்! மாப்பிள்ளை இடது பக்கம் போயிட்டாரே!"

பொய்... பச்சைப் பொய்!

தண்ணீர் பாறைகளுக்கு நடுவே பாய்ந்து இறங்கும் பெரிய சரிவு வந்தால் ஒருவர் முன்னால் போய், பாறையில் ஏறி நின்று, எந்தப் பக்கம் பத்திரமோ அந்தப் பக்கம் துடுப்பை நீட்டுவார். படகில் வருபவர் கண்ணுக்கு நுரைதான் தெரியும். இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. துடுப்பை நம்பிப் போக வேண்டியதுதான்.

அண்ணன் துடுப்பு இடப்பக்கம் நீண்டதை, பின்னால் ஓரமாக ஒதுங்கியிருந்த அவள் பார்த்திருந்தாள்.

அப்பா படகுக் கம்பெனியை அவள் பேரிலும் அவள் கணவன் பேரிலும் எழுதி வைத்ததிலிருந்து அண்ணன் முகம் கொடுத்துப் பேசியதில்லை. திடீரென்று 'மூணு பேரும் ஆளுக்கொரு படகுல ஆத்துல போயிட்டு வரலாம்' என்று குழைந்தபோதே உறைத்திருக்க வேண்டாமா?

ஒருத்தர் பேர் போயாச்சு. மிச்சம்...?



"இவரை இப்படியே விட்டுட்டு எப்படிண்ணா...?"

"போலீஸோட வந்து எடுப்போம். ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, போன் எடுக்காது. பாலத்துக்கு இன்னும் ரெண்டே சரிவு. நான் முன்னால போய்க் காட்டறேன். பயப்படாம வா, நான் இருக்கேன்ல?"

அதுதானே பயம்!

அழக்கூட நேரமில்லை.

அடுத்த சரிவு.

பாறை மேல் அண்ணன். துடுப்பு... வலப்பக்கம்!

அவள் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் திருப்பினாள். அலை ஆளையே விழுங்கியது... துப்பியது. உயிர் இருந்தது! திரும்பிப் பார்த்தாள். வலப்பக்கத் தண்ணீர் மொத்தமும் ஒரு பாறைக்கு அடியில் போய்க் காணாமல் போனது.

அண்ணன் படகோடு பின்னாலேயே வந்துவிட்டான்.

"ஏய்! நான் வலதுன்னுதானே காட்டினேன்?"

"பார்த்தேன்ணா. அவருக்குக் காட்டினதையும் பார்த்தேன்!"

அவன் முகம் மாறியது.

"அப்ப நீ பாலம் போய்ச் சேர மாட்டே!"

துரத்தினான். அவள் கை நோக நோகத் துடுப்பு வலித்தாள். கடைசிச் சரிவுக்கு முன்னால் கரையேறி, படகை இழுத்துப் போட்டுவிட்டு, வழி பார்க்கத் துடுப்போடு பாறையில் தொற்றி ஏறினாள். கீழே இடப்பக்கம் பேய்ச்சுழி. வலப்பக்கம் நல்ல வழி.

வளைவில் அண்ணன்! வந்த வேகத்தில் நிறுத்த முடியவில்லை. அண்ணாந்து பார்த்தான். இப்போது பயம் அவன் கண்ணில்!

பொய் காட்டலாம். காட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்?

துடுப்பை நீட்டினாள்... வலப்பக்கம்!

அண்ணன் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"யார்கிட்ட?" என்று அவன் வாய் அசைந்தது.

இடப்பக்கம் திருப்பினான்!

சுழி ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தது...

பாலத்தடியில் இன்ஸ்பெக்டர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உங்க அண்ணனுக்கு எந்தப் பக்கம்மா காட்டினீங்க?"

"சரியான பக்கம்தான் சார்."

"அப்புறம் ஏன் அந்தப் பக்கம் போனாரு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான் சார்... தங்கச்சி பேச்சைக் கேட்டா கௌரவக் குறைச்சல்!"