ஹேர் ட்ரையர் கேட்டு வந்த மொட்டை

கண்ணாடிக் கதவைத் தட்டியவன் தலையில் ஒரு முடிகூட இல்லை.

"ஹேர் ட்ரையர் இருக்குமா? கொஞ்ச நேரத்துக்கு..."

கையில் கத்தரிக்கோலோடு நின்றிருந்த அவள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு மறுபடியும் மேலே பார்த்தாள். அங்கே சலூனின் விளக்கு பளபளத்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு?"

"ஈரமாயிடுச்சு. காய வைக்கணும்."

உள்ளே ஒரு அம்மாளின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். சலூன் அக்காவுடையது. "ட்ரையர் எதுக்குடி, ஒரு டவல் குடு. ஒரு தடவை துடைச்சாப் போதும்" என்றாள்.

"தலைக்கு இல்லைங்க... டெலஸ்கோப்புக்கு."

அப்போதுதான் அவள் அவனுடைய கண்களைப் பார்த்தாள். மழை விட்ட பிறகும் சன்னல் கம்பியில் தொங்குமே ஒரு சொட்டு... விழலாமா வேண்டாமா என்று... அந்த மாதிரி இருந்தன. இப்படிப் பதறுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று தோன்றியது.

அவன் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைச் சாவி அவனிடம் இருந்தது. அன்று வேலையை முடித்துவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த சின்ன டெலஸ்கோப்பை மாடியிலேயே நிறுத்திக் கேமராவைப் பொருத்தியிருந்தான். மேற்கே ஒரு வால்நட்சத்திரம். சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரம்தான் தெரியும். அதுவும் இன்றோடு சரி. நாளை முதல் அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். இத்தனை நாளும் மழை. இன்றைக்கு மேகம் விலகியது... ஆனால் லென்ஸில் ஈரம் படர்ந்து, வெந்நீரில் குளித்த பிறகு மங்கிப்போகும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"துணியால துடைச்சா ஆகாதா?"

"கீறல் விழும். துடைச்சதும் திரும்பப் படரும். இந்த நட்சத்திரம் இன்னிக்குப் போனா அவ்வளவுதாங்க. நம்ம பேரனுக்குப் பேரன்கூடப் பார்க்க முடியாது."

"நம்ம பேரனா?" என்று அக்கா உள்ளிருந்து கேட்டாள். "அதுக்குள்ளயா?"

அவன் காது சிவந்தது. சிவப்பு எதுவரை ஏறுகிறது என்பதை மறைக்க அவனிடம் முடியும் இல்லை.

அவள் ட்ரையரின் வயரைச் சுருட்டிக் கையில் எடுத்தாள். "இதை நான் யார்கிட்டயும் குடுக்குறதில்ல. நானே வரேன்."

மாடி முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒவ்வொரு தேக்கத்திலும் கொஞ்சம் ஆரஞ்சு வானம். மோட்டார் அறையிலிருந்து வயரை இழுத்துவந்தான். ட்ரையரை வாங்கி லென்ஸை ஒட்டினாற்போல் பிடித்தான்.

"அய்யோ, இங்க குடுங்க! இப்படியா பிடிப்பாங்க? சூட்டைக் குறைச்சு, தூரமா, ஆட்டிக்கிட்டே இருக்கணும். முடி கருகிடும்."

"இது லென்ஸ்ங்க..."

"கருகுறதுக்கு உங்களுக்கு வேற என்ன இருக்கு?"

அவன் சிரித்துவிட்டான். அவள் காற்றடித்தாள். லென்ஸ் தெளிந்தது. "போதும்" என்றான், அவள் நிறுத்தினாள். சூடு அடங்கியதும் கேமரா கிளிக் என்றது. சில படங்களுக்குள் மறுபடியும் மங்கியது. மறுபடியும் காற்று. ஒருவரை ஒருவர் பார்க்க நேரமில்லை... ஆனாலும் இடையிடையே பார்த்துக்கொண்டார்கள்.

கேமராத் திரையில், மெலிதான ஒரு வெள்ளைக் கீற்று நின்றது. யாரோ ஊதி அணைத்த விளக்கின் புகை மாதிரி.

"இதுவா?" என்றாள். குரல் தானாகத் தணிந்துவிட்டது.

"இதுதான்... ஐயோ, அந்தக் கொடி!"

வால்நட்சத்திரம் இறங்க இறங்க, மாடியின் மேற்குக் கோடியில் கட்டியிருந்த துணிக்கொடியை நெருங்கிவிட்டது. கொடியில் சலூன் டவல் ஒன்று மழையில் ஊறித் தொங்கியது. அன்று காலை எடுக்க மறந்தது அவள்தான். சடசடவென்று ஓடினாள். அங்கிருந்த திண்டின்மேல் ஏறி, கையை உயர்த்தி டவலை உருவினாள். காற்று அவள் முடியைக் கலைத்தது. அந்த நொடியில் கிளிக்.

"படத்துல நான் விழுந்துட்டேனா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"ஒண்ணுல விழுந்துட்டீங்க!"

"அனுப்புங்க. சலூன் நம்பர் போர்டுல இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று இரவு முழுக்கச் சலூன் போனை அவளே வைத்திருந்தாள்.

அதற்குக் காரணம் உண்டு. முடி வெட்டி முடித்ததும் எல்லோரும் கண்ணாடி முன்னால் படமெடுத்துக்கொள்வார்கள். பின்னால் அவளும் நிற்பாள். பிறகு அவர்கள் அதை எங்காவது போடும்போது பார்த்தால், முடி இருக்கும், முகம் இருக்கும்... ஓரத்தில் அவளுடைய இரண்டு விரல்கள் இருக்கும். மீதியை நறுக்கியிருப்பார்கள். அவள் அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் படம் வந்தது. நீல வானத்தில் வால்நட்சத்திரம் தோகை விரித்து நின்றது. கீழே ஒரு வரி. 'குறுக்கே வந்ததையெல்லாம் எடுத்தாச்சு. சுத்தமா வந்திருக்கு. ரொம்ப நன்றிங்க.'

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "நீ எங்கடி?"

"குறுக்கே வந்தேனாம்" என்றாள் அவள். "எடுத்தாச்சாம்."

அதன் பிறகு அவள் லிஃப்டில் ஏறவில்லை. டவல் வாளியைத் தூக்கிக்கொண்டு படிகளிலேயே மாடிக்குப் போனாள். ஒரு நாள் எதிரே அவன் வந்துவிட்டான். அதே கண்கள்.

"படம் பார்த்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு."

"லிஃப்ட் ஓடுதே... ஏன் படியில..."

"குறுக்கே நிக்காதீங்க."

அவன் ஒதுங்கினான். வாளித் தண்ணீர் கொஞ்சம் அவன் காலணியில் சிந்தியது. வேண்டுமென்றே சிந்தவில்லை... அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மாடிக்குப் போனதும் அழுகை வந்தது. யாரோ ஒரு மெக்கானிக் அனுப்பிய படத்துக்கு ஏன் அழுகிறோம் என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

கீழே அவன் சலூன் வாசலில் நின்று அக்காவிடம் கேட்டான். "நான் என்னங்க தப்புப் பண்ணேன்?"

அக்கா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, "வெளியதான் மொட்டைன்னு நினைச்சேன் தம்பி, உள்ளயும் அப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை சலூன் திறந்ததும் அவன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முடி வெட்டணும்."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். அவன் தலையைச் சுற்றி வந்தாள். "எதை?"

அவன் ஒரு படத்தை எடுத்து மேசைமேல், சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தான். காகிதத்தில் அச்சிட்டது. படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. வால்நட்சத்திரம் வெறும் கீற்று. அதற்குக் கீழே கையை உயர்த்தியபடி, முடி பறக்க, கலங்கலாக ஒரு பெண்.

"அன்னிக்கு எடுத்த எல்லாப் படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, ஒரே படமா ஆக்கணும்ங்க. அப்பதான் இவ்வளவு மங்கலானது கண்ணுக்குத் தெரியும். அதைக் கம்ப்யூட்டர்தான் பண்ணும். எல்லாப் படத்துலயும் இருக்கறதை வெச்சுக்கும். ஒரே ஒரு படத்துல மட்டும் வந்ததை, தப்பா விழுந்ததுன்னு தூக்கிடும். விமானம், பறவை... நீங்க."

"நான் பறவையா?"

"நான் முட்டாள்." அவன் கண்ணாடியில் தெரிந்த அவளைப் பார்த்தே பேசினான். "அது தூக்கினதை நான் பார்க்கக்கூட இல்ல. நட்சத்திரத்தை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன். நேத்து திரும்ப எடுத்துப் பார்த்தேன்... ராத்திரி முழுக்க இந்த ஒண்ணைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நட்சத்திரத்தைப் பார்க்கல."

அவள் படத்தைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் நறுக்காத, முழுக் கை... முழு முடி... முழு அவள்.

"கலங்கலா இருக்கேன்."

"ஆமா. அதனால..." அவன் காது சிவந்தது, சிவப்பு மேலே ஏறியது. "ஒரு தடவை வந்தா அழிஞ்சிடுதுங்க. எனக்கு அது வேண்டாம். இனிமே எல்லாப் படத்துலயும் நீங்க இருக்கணும். எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

வெளியே மறுபடியும் தூறல் ஆரம்பித்தது. சாயக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்த அக்கா கலக்குவதை நிறுத்தினாள்.

அவள் ட்ரையரை எடுத்தாள். சூட்டைக் குறைத்தாள். தூரமாகப் பிடித்து அவன் மொட்டைத் தலையைச் சுற்றி மெல்ல ஆட்டினாள். அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"முடி வளர்த்துட்டு வாங்க" என்றாள். "மாசா மாசம் நான்தான் வெட்டுவேன். வேற எங்கயும் போகக்கூடாது."

"வளரலன்னா?"

"வளரலன்னாலும் வாங்க."

அன்று மாலை டவல் வாளியோடு அவள் லிஃப்டில் மாடிக்குப் போனாள்.