மூன்று மீட்டர் இருபது

பகல் மூன்று மணிக்கு ஸ்கேல் அக்கா அந்தப் பழைய ஆஸ்பத்திரி வார்டு வாசலில் வந்து இறங்கினாள். வருவேனா மாட்டேனா என்று மழை வானத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தது. காவலாளி பூட்டைத் திறந்து, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நீங்க உள்ள வரலையா?"

"என் வேலை கேட்டோட சரிம்மா."

அவள் ஒரு சர்வே ஆபீசில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவள். எதைப் பார்த்தாலும் நீளம் அகலம் சொல்லிவிடுவதால் ஆபீசில் அந்தப் பட்டப்பெயர். கணவர் இறந்து மூன்று வருஷம். மகள் வெளிநாட்டில், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன். மற்ற நாட்களில் வீட்டுக்குள் அவள் குரலை அவளே கேட்பதில்லை.

திங்கட்கிழமை வார்டை இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் பதிவுக்கு ஒரு வரைபடம் வேண்டும். சர்வேயர் தம்பி அளந்து நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே லீவில் போய்விட்டான். நடு முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தூரம், வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்று ஒரு திசைக்கோணம். இரண்டையும் தட்டினால் திரையில் ஒரு கோடு ஓடும். நாலாவது கோடு, தொடங்கின புள்ளியிலேயே வந்து முட்ட வேண்டும்.

முட்டவில்லை.

வடக்குத் தாழ்வாரம் 28.00 மீட்டர். அதற்கு நேர் எதிரே தெற்குத் தாழ்வாரம் 24.80. கோணங்களில் இம்மி பிசகில்லை. ஆனாலும் கட்டம் மூடாமல், மூன்று மீட்டர் இருபது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நோட்டில் அந்த ஓர் அளவை மட்டும் அவன் மூன்று தரம் எடுத்திருந்தான். மூன்று தரமும் அதே எண். போன் போட்டால் எடுக்கவில்லை. சரி, நாமே போய் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தாள்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில் மட்கிப்போன கம்பளி வாடை. கட்டில்களை எப்போதோ எடுத்துவிட்டார்கள். கால்கள் அழுத்திய குழிகள் மட்டும் தரையில் வரிசையாக இருந்தன. தெற்குத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். கைக்கு அடக்கமான லேசர் அளவுக் கருவியை எதிர்ச் சுவருக்கு நேராகப் பிடித்து அழுத்தினாள்.

24.80.

சிரித்துக்கொண்டாள். பாவம், பையன் சரியாகத்தான் அளந்திருக்கிறான்.

அப்புறம்தான் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடினாள். அது சுவரில் இல்லை.

சுவருக்கு மூன்று மீட்டர் இந்தப் பக்கம், வெறும் காற்றில் நின்றது. ஓர் ஆள் நெஞ்சு உயரம். நின்ற இடத்திலேயே லேசாக ஏறியது, இறங்கியது.

மூச்சு விடுவதுபோல.

கருவி விடாமல் அளந்துகொண்டிருந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்தும் விரல் பொத்தானை விட்டு எழவில்லை.

24.80.

21.35.

16.10.

சத்தமே இல்லை என்று முதலில் தோன்றியது. இருந்தது. ஈரப் பாதம் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம்.

9.40.

கம்பளி வாடை மூக்கை அடைத்தது. வாசல் அவளுக்கு இடப்பக்கம் நாலடியில்தான். கால் நகரவில்லை.

2.05.

0.60.

முகத்துக்கு நேரே குளிர்ந்த மூச்சு. அது அவளைத் தொடவில்லை; காத்துக்கொண்டு நின்றது. டாக்டருக்காக, நர்ஸுக்காக, பார்க்க வருகிற யாருக்காவது நிற்கிற மாதிரி. அந்த நிற்றல் அவளுக்குத் தெரிந்த நிற்றல். தினமும் சாயங்காலம் ஜன்னலோரம் அவளும் அப்படித்தான் நிற்பாள்.

அதனால்தானோ என்னவோ, வாயைத் திறந்துவிட்டாள்.

"திங்கக்கிழமை இடிச்சிடுவாங்க," என்றாள். "இங்க இருக்காதீங்க."

பிறகு காதோரம், தொண்டை கட்டிப்போன ஒரு பெண் குரல்.

"எங்க போறது?"

அவள் ஓடினாள். கருவி எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. கேட்டருகே காவலாளி ஒரு வார்த்தை கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் காலை தெற்குக் கோட்டுக்கு அவளே 28.00 என்று தட்டினாள். கட்டம் மூடிக்கொண்டது. மத்தியானம் சர்வேயர் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க அங்க போனீங்களாமே. ஏதாவது பேசினீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"நான் வாயையே திறக்கலக்கா. திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை வார்டு தரைமட்டமானது. எஞ்சினியர் போட்டோ காட்டினார். வெறும் செங்கல் குவியல். அன்றைக்குத்தான் அவளுக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து படியேறும்போது கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்தாள்.

"ஊர்லேருந்து யாராவது வந்திருக்காங்களா?"

"ஏங்க கேக்கறீங்க?"

"நீங்க ஆபீஸ் போனதும் மேல ஒரே நடை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், வெறுங்கால்ல. அஞ்சு மணியானா ஜன்னல்கிட்ட நின்னுடுது. வயசானவங்களோ? தனியா விட்டுட்டுப் போறீங்களேன்னுதான் கேட்டேன்."

ஸ்கேல் அக்கா யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். மூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்லி அலுத்த வார்த்தை அது.

"ஆமா," என்றாள். "வந்திருக்காங்க."

மேலே போய்ப் பூட்டைத் திறந்தாள். கதவு திறக்கவில்லை, உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள். திரும்பி இறங்கிவிடலாம். இறங்கி எங்கே போவது?

விரலை மடக்கி, மெதுவாக இரண்டு தரம் தட்டினாள்.

உள்ளே ஈரக் கால்கள் கதவை நோக்கி நடந்து வந்தன. தாழ் விலகியது.