அத்தானின் பச்சைக் கார்

கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற பச்சைக் காரின் கூரையில் ஒரு விரல் ரேகை பதிந்திருந்தது.

பல்செட் செய்வது அவன் தொழில். கை சுத்தம் அவனுக்குக் கூடப் பிறந்தது. பருத்திக் கையுறை இல்லாமல் அந்தக் காரை அவன் தொட்டதே கிடையாது. பெட்டிச் சாவி அவன் சட்டைப் பையில். வீட்டில் அவனைத் தவிர ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில், ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது. பயப்பட என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ரேகையைத் துடைத்தான்.

ஒன்றரைச் சாண் நீளம், வார்ப்பு உலோகம், கையில் எடுத்தால் செங்கல் கனம். அந்தக் காலத்துப் பந்தயக் காரை அச்சு அசலாகச் சுருக்கி வைத்த மாதிரி. கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், எஞ்சினில் மயிரிழை வயர்கள்கூட உண்டு. எல்லாம் சரிதான், ஆனால் கார் அவனுடையதல்ல. அக்கா புருஷனுடையது.

ஒரே மாதிரி இரண்டு கார், ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கியவை. அத்தானுடையது அப்படியே இருந்தது. அவனுடையதற்கு வார்ப்பு நோய் வந்தது. உலோகக் கலவை மட்டமாக இருந்தால் இருபது வருஷம் கழித்துக் கார் உள்ளிருந்தே உப்பி வெடிக்கும், மருந்தே கிடையாது. அந்தச் சமயத்தில்தான் அத்தானுக்குப் பார்வை போனது. பார்க்க முடியாதவருக்கு எந்தக் கார் இருந்தால் என்ன என்று இவன் மனசு கணக்குப் போட்டது. தன் காரின் வெடிப்புகளைப் பல் அடைக்கும் பசையால் நிரப்பினான். பச்சையைக் கலந்து கலந்து, அசல் நிறம் வரும்வரை மூன்று நாள் உட்கார்ந்தான். கண் தெரியாதவரை ஏமாற்ற நிறம் பார்த்த மகா புத்திசாலி, அவருடைய விரல்களை மறந்துவிட்டான்.

மாற்றி வைத்த அன்றே அத்தான் காரை மடியில் வைத்துத் தடவினார். "டேய், இது என்னோடது இல்லடா."

"மருந்து மயக்கம் அத்தான். அதே கார்தான்."

அக்காவும் தம்பி பக்கமே பேசினாள். அதன்பிறகு அத்தான் தன் கையையே நம்பவில்லை. டம்ளரைத் தடவி யாருடையது என்பார். கட்டிலைத் தடவிக் கேட்பார். சாவதற்கு முந்தின வாரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். அதை நினைத்தால் இவனுக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை. ஆனாலும் காரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பெட்டியைப் பூட்டி, கையுறையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். பூட்டு அப்படியே இருந்தது. கூரையில் மறுபடி ரேகை. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது, பெட்டியின் முன் கண்ணாடியில். துணியைக் கொண்டுபோய்த் தேய்த்தான், போகவில்லை. மறுபடி தேய்த்தான். அது கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

வலித்தைல வாசனை வந்தது. அத்தான் முழங்காலுக்குப் போடுவது.

போன் அடித்தது. அக்கா.

"தம்பி, அத்தான் காரைத் துடைக்கும்போது கீழ போட்டுட்டேன்டா. உடைஞ்சு போச்சு. உள்ள என்னமோ வெள்ளையா இருக்கு, பல்லு மாதிரி." மூச்சு வாங்கினாள். "அவர் சொன்னது நிஜமாடா? புத்தி பேதலிச்சுப் போச்சான்னு நான் எப்படியெல்லாம் திட்டினேன். நிஜம்னா சொல்லிடு. உன்மேல கோவமில்ல. அவர் படத்துக்கு முன்னாடி மன்னிப்பு கேட்டுக்கணும், அவ்வளவுதான்."

உண்மை தொண்டை வரை வந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம்.

"சேச்சே, பழைய கார்னா அப்படித்தான் இருக்கும்க்கா. அவருக்குத்தான் புத்தி தடுமாறிடுச்சு."

"சரிடா," என்று அக்கா வைத்துவிட்டாள்.

அறை இருண்டது.

மேகம் என்று நினைத்தான். கன்னத்தில் வெயில் சுட்டது. கண்ணைத் தேய்த்தான். திறந்துதான் இருந்தது. இமைத்தான். இருட்டு. இன்னொரு முறை. இருட்டு.

பெட்டியின் பூட்டு திறக்கும் சத்தம்.

"அத்தான்," என்றான். "அத்தான், சொல்லிடுறேன். அக்காகிட்ட இப்பவே சொல்லிடுறேன்."

தைல வாசனை மட்டும் கிட்டே வந்தது. உச்சந்தலையில் ஒரு விரல் பட்டது. குளிர்ந்த விரல். பிறகு நான்கு. அவசரமே இல்லை. நெற்றி. புருவம். மூக்குத் தண்டு. ஒவ்வொரு மேடும், ஒவ்வொரு வளைவும். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

விரல்கள் இமைமேல் வந்து நின்றன. எங்கே திறக்கும் என்று, நகம் ஓரமாகத் தேட ஆரம்பித்தது.