வால் விசிறியில் சாமந்தி

பொன்னேரிக்கு வெளியே, நடவு முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத வயலில் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பைலட் ராபின் இருக்கையிலேயே இறந்திருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த விமல் கை முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

காலை பதினோரு மணி. இன்ஸ்பெக்டர் செண்பகம் வந்து சேர்ந்தபோது, வழக்கே முடிந்துவிட்டதுபோல எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தும் ஒருவர் கட்டிய கோயிலுக்கு அன்று கும்பாபிஷேகம். கலசத்தின்மேல் பூ தூவ அந்தச் சின்ன ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தூவப் போனவன் முதலாளியின் மைத்துனன் விமல். கிளம்பும் முன் மெக்கானிக் சாலமோன் பைலட்டோடு மல்லுக்கு நின்றதை ஆலை வாசலில் பலரும் பார்த்திருந்தார்கள்.

"'இப்டியே போனா திரும்பி வரமாட்டே'ன்னு கத்தினானாம் மேடம்," என்றார் ஏட்டு அப்பாவு. "இதுக்கு மேல இன்னா வேணும்? ஸ்டேஷன்ல குந்த வச்சிருக்கோம்."

"எதுக்குச் சண்டைன்னு கேட்டீங்களா?"

"வாயே தொறக்க மாட்றான்."

அதுதான் செண்பகத்தை உறுத்தியது. தப்பு செய்தவன் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பான்.

டெல்லியிலிருந்து விபத்து ஆய்வாளர்கள் வரும்வரை எதையும் தொடக்கூடாது. அவள் வரப்பிலேயே சுற்றி வந்தாள். ஹெலிகாப்டரின் வால் நுனியைக் காணவில்லை. அது இரண்டு வயல் தள்ளி, வந்த வழியில் தனியாகக் கிடந்தது. அதிலிருந்த சின்ன விசிறியின் தண்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் இழை இறுக்கமாகச் சுற்றியிருந்தது. இழைக்குள் நசுங்கிய சாமந்தி இதழ்கள்.

"பூ ஏத்தின வண்டிதானே மேடம், விழுந்தப்போ செதறியிருக்கும்," என்றார் அப்பாவு.

செண்பகம் வரப்பைவிட்டு இறங்கி நடந்தாள். வயலோரத்து வீட்டு வாசலில் செங்கம்மாள் என்ற பெண் நின்றிருந்தாள்.

"நீங்க பார்த்தீங்களாம்மா?"

"பாத்தேம்மா. பம்பரமாட்டம் சுத்திக்கினே வந்துச்சி. காது கிழியற சத்தம். விழற வரிக்கும் நிக்கவேயில்ல."

"அதுக்கு முன்னாடி?"

செங்கம்மாள் தெருக்கோடியில் இருந்த மாடி வீட்டைக் காட்டினாள். "அந்த ஊட்டு மேல வட்டம் போட்டுது. மோனிகா பொண்ணு மாடியில நின்னு கை ஆட்டிக்கினு இருந்திச்சி. அடுத்த மாசம் அதுக்குக் கல்யாணம். மாப்ள ஆலைக்காரரு மச்சான்."

மாடிக் கைப்பிடிச் சுவரெங்கும் மஞ்சள் மஞ்சளாக இதழ்கள் ஒட்டியிருந்தன.

ஆஸ்பத்திரியில் விமல் இடது கைக் கட்டோடு சாய்ந்திருந்தான்.

"என்ஜின் திடீர்னு நின்னுடுச்சு மேடம். சத்தமே இல்ல. கல்லு மாதிரி விழுந்தோம். அந்த சாலமோன் ஏதோ பண்ணியிருக்கான்."

"பூ தூவ ஆரம்பிச்சிருந்தீங்களா?"

"மூட்டையே பிரிக்கல. கோயிலுக்குப் போய்த்தானே தூவணும்?"

"கோயில் இந்தப் பக்கமே இல்ல. பொன்னேரிக்கு ஏன் வந்தீங்க?"

"எறங்க எடம் தேடி ராபின்தான் திருப்பினாரு." வலது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்தான். உள்ளங்கையின் குறுக்கே செக்கச்செவேலென்று ஒரு கோடு.

"அது என்ன காயம்?"

"விழுந்தப்போ ஆயிருக்கும்."

செண்பகம் நாற்காலியை அருகே இழுத்தாள். "விழுந்தா கை முறியும், விமல். மூட்டைக் கயிறு கையில உருவிப் போனாத்தான் இப்படிக் கோடு விழும். என்ஜின் நிக்கல. கடைசி வரைக்கும் அலறியிருக்கு. வால் உடைஞ்சதாலதான் வண்டி சுத்தியிருக்கு. வால் விசிறியில பூ மூட்டையோட பிளாஸ்டிக் நூலும் சாமந்தியும் இருக்கு. அந்தத் துண்டு வண்டிக்கு முன்னாடியே கழண்டு விழுந்தது. அப்போ பூ அதுக்கும் முன்னாடியே வெளியே வந்திருக்கணும். பிரிக்காத மூட்டையிலிருந்து எப்படி வரும்?"

விமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

"மோனிகா வீட்டுக்கு மேல மூட்டையை வெளியே நீட்டி உதறினீங்க. காத்து அதைப் பிடுங்க, வால் விசிறியில போய்ச் சிக்கிடுச்சு. தப்பை மெக்கானிக் தலையில கட்டிட்டீங்க."

"அவளுக்கு ஒரு வீடியோ மேடம்... அவ்ளோதான்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கினான்.

மாலையில் ஸ்டேஷன் பெஞ்சில் சாலமோன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். செண்பகம் அவன் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ போகலாம். சண்டை எதுக்குன்னு காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"கதவக் கழட்டாதண்ணே, மூட்டைய கட்டிப் போடுன்னேன். மொதலாளி மச்சான் கேக்கறான்னு ராபின் அண்ணன் கழட்டிட்டாரு. சொன்னா செத்தவர் மேல பழி விழும் மேடம். அவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"விழத்தான் செய்யும், சாலமோன். சம்மதிச்சது அவர். அதையும் நான் எழுதித்தான் ஆகணும்."

சாலமோன் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"அப்ப அண்ணி கிட்ட நானே போய்ச் சொல்லிட்றேன். பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சிக்க வேணாம்."

செண்பகம் அப்பாவுவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜீப் சாவியை எடுத்து, "வா, நானே இட்டுனு போறேன்," என்றார்.