சருகுக்குமா போகி?

புகைக்குள்ளிருந்துதான் அவன் ஓடி வந்தான்.

கையில் வாளி, கலைந்த தலை, எரிச்சலில் சிவந்த கண்கள்... அந்தக் கண்களை அந்த நேரத்தில் ரசித்தது பெரிய தப்பு என்று ஷர்மினிக்குத் தெரியும். ஏனென்றால், அந்தத் தீயை வைத்தவளே அவள்தான்.

அன்று போகி. "பழசு எதையும் வீட்டுல வைக்காதம்மா" என்று விடிந்ததும் விடியாததுமாக ஒரு கிழிந்த பாயை அவள் தலையில் கட்டிவிட்டாள் அம்மா ஜெகதீஸ்வரி. டத்தோ கிராமாட்டில் அவர்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா. அங்கே மரத்தடியில் யாரோ சருகுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். குப்பைதானே, பாயோடு சேர்ந்து இதுவும் போகட்டும் என்று தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். ஜனவரி வெயிலில் மழையையே மறந்துபோன புல்... சரசரவென்று பிடித்துக்கொண்டது.

"இந்தாங்க, குழாய்ல பிடிச்சிட்டு வாங்க" என்று வாளியை நீட்டினான். ஓடினாள். ஊற்றினாள். மறுபடி ஓடினாள். தீ அணைந்தபோது, சருகுக்கு நடுவே அவன் நட்டு வைத்திருந்த கொன்றைக் கன்றுகளில் ஒன்று கருகிப் போயிருந்தது.

அவன் அதன் அருகே மண்டியிட்டான். "மழை இல்லாத மாசம். வேர் காயக் கூடாதுன்னு சருகை அள்ளி அள்ளி மூடி வச்சேன்... சருகுக்குமா போகி கொண்டாடுவாங்க? யாருன்னு பார்த்தீங்களா?"

பாக்கெட்டில் தீப்பெட்டி குறுகுறுத்தது. "தெரியலங்க" என்றாள்.

"பரவால்ல. இத்தனை வீட்டுல நீங்க ஒருத்தங்கதான் ஓடி வந்தீங்க. நான் கோகுலன், மூணாவது மாடி. ரொம்ப தேங்ஸ்."

நன்றியாம்... அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அதோடு விட்டானா? ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் வேறு அவள் பெயரைப் போட்டு நன்றி சொல்லிவிட்டான். பூக்களும் கைகூப்புகளும் வந்து குவிந்தன. லிஃப்ட்டில் பக்கத்து வீட்டு ஃபரா தோளைத் தட்டிக்கொடுத்தாள். அம்மா மட்டும், "நீ பாய் எரிச்ச இடத்துலயா?" என்று ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த வெட்கம் தாங்காமல்தான் மறுநாள் மாலை அரிசி கழுவிய தண்ணீரோடு கன்றுகளிடம் போனாள். அடுத்த நாளும் போனாள். கன்றுக்காகவா, கோகுலனுக்காகவா... அவளுக்கே தெரியவில்லை.

"தண்ணில அரிசியும் கிடக்குதே. கன்னுக்கு ராத்திரி சாப்பாடா?"

"ஏன், உங்களுக்குப் பசிக்குதா?"

சிரித்தான். சிரித்தால் அவன் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். தனக்குச் சேராத சிரிப்பைத் திருடி வைத்துக்கொள்கிறோமே என்று அவளுக்கு நெஞ்சு கூசியது.

தைப்பூசம் நெருங்கிய ஒரு மாலையில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஷர்மினி, எங்க வீட்டுல உங்களப் பத்திப் பேசட்டுமா? அன்னைக்கு நெருப்புன்னு பயப்படாம வந்தீங்களே... அப்பவே..."

"பேசாதீங்க" என்றாள். "தீ வச்சதே நான்தான். குப்பைன்னு நெனச்சிட்டேன். அப்புறம் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அவன் முகம் சுருங்கிப் போனது.

"கன்னு போனதுகூடப் பரவால்ல. தினமும் என் பக்கத்துல வந்து நின்னீங்க... ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அழுது தீர்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து அதே குரூப்பில் தட்டினாள். 'போகி அன்னிக்குப் பூங்காவில் தீ வச்சது நான்தான். எல்லாரும் பாராட்டினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மன்னிச்சிடுங்க.'

ஒரு பதிலும் வரவில்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று மட்டும் காட்டியது.

மறுநாள் தலையைக் குனிந்தபடி இறங்கினாள். எந்த ஜன்னலிலிருந்து யார் பார்க்கிறார்களோ என்று முதுகெல்லாம் கூசியது. கோகுலன் கருகிய கன்றை எடுத்துவிட்டுப் புதியதை நட்டுக்கொண்டிருந்தான். அவள் சருகை அள்ளி வந்து அதன் அடியில் பரப்பினாள். அவன் தடுக்கவில்லை.

"இன்னொண்ணும் மறைச்சிட்டேன்" என்றாள் மெல்ல. "அதையும் சொல்லிடுறேன்."

"இன்னும் எதை எரிச்சீங்க?"

"எதையும் எரிக்கல... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

அவன் நிமிர்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் மண் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"இதையும் குரூப்ல போட்டுடாதீங்க லா" என்றான். "மொதல்ல எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."