சிவப்பு இறங்கிடுச்சு!

காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். அப்பா எழுந்து குழாயடியில் இரண்டு குடம் தண்ணீர் பிடிப்பார். டீ போடுவார். அம்மா ஒரு சிவப்பு மாத்திரையையும் ஒரு வெள்ளை மாத்திரையையும் சேர்த்து வாயில் போட்டு, டீயை ஊற்றி விழுங்குவார். அப்பா வேலைக்குப் போக ஊரிகம் ஸ்டேஷனுக்கு நடப்பார். பெங்களூர் ரயில் கூவும். தம்பி அழுவான். தாரா பல் தேய்ப்பாள்.

தம்பி பிறந்து ஐம்பது நாளாயிற்று. வீட்டுக்கு வந்ததிலிருந்து எல்லா நாளும் இப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை, நர்ஸ் ஃப்ளோரா அக்கா ஸ்கூட்டரில் வந்தார். அம்மாவின் விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம் சின்ன மெஷினுக்குள் போனது. மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஹீமோகுளோபின் 8.5 என்று காட்டியது.

"இன்னா ஷாலினி, போன மாசம் எட்டு நாலு. இப்பவும் எட்டரைதானா? இரும்பு மாத்திரையை நீ சாப்பிடறியா, கோழிக்குப் போடறியா?"

"சத்தியமா முழுங்கிகினுதான் கீறேன்க்கா. அட்டையைப் பாரு, காலி!"

"அடுத்த மாசம் பத்தைத் தாண்டணும். தாண்டலைன்னா கோலார் ஆஸ்பத்திரிதான். படுக்க வெச்சு ட்ரிப் ஏத்துவாங்க."

மறுபடியும் ஆஸ்பத்திரியா? தம்பி பிறந்தபோது அம்மா ஒன்பது நாள் வீட்டில் இல்லை. தாரா பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவிடம் இருந்தாள். பார்வதம்மா நல்லவர். அவருடைய உப்புமாதான் நல்லதில்லை. ஒன்பது நாளும் உப்புமா! அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் அம்மாவின் பாயில் அம்மா இல்லையே, அதுதான் முடியவில்லை.

மாத்திரை உள்ளே போகிறது. ரத்தம் ஏறவில்லை. அப்படியானால் நடுவில் என்னதான் நடக்கிறது?

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. தாரா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஆறு வீடு தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, ஒரு நாயையும் தாண்டி ஓடினாள்.

"அக்கா! நில்லுங்க! அம்மா நிஜமாவே தினமும் போடறாங்க. நானே பார்த்தேன்!"

ஃப்ளோரா அக்கா பிரேக் போட்டார். "எதோட முழுங்கறாங்க?"

"டீயோட. சிவப்பு, வெள்ளை ரெண்டும் சேர்த்து."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியிலேயே சொன்னேனே! டீ இரும்பை உடம்புல சேர விடாது. வெள்ளை சுண்ணாம்புச் சத்து. அதுவும் இரும்போட சேர்ந்து போனா வழி விடாது."

"சுரங்கத்துல இறக்கற ஒரே கேஜ்ல ரெண்டு ஷிப்டு ஆளும் ஏறின மாதிரியா?"

"அதேதான்!" அக்கா சிரித்துவிட்டார். "வெள்ளை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டோட. சிவப்பு மத்தியானம், எலுமிச்சைத் தண்ணியோட. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் டீ கிட்டவே வரக் கூடாது."

தாரா ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டார். "சரிடி" என்றார்.

ஆனால் மறுநாள் மத்தியானமே சிவப்பு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "தாரா, இதைப் போட்டேனா? போடப் போறேனா?"

பாவம், அம்மா தூங்கி எத்தனை நாளாயிற்று! தாரா மாத்திரை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அம்மா அதன் மேல் தம்பியின் ஈரத் துணியைக் காயப் போட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இருந்தார். அவருடைய சாவிக்கொத்தில் ஒரு பித்தளை வில்லை உண்டு. 417 என்று எண் போட்டிருக்கும். தாரா அதைச் சுழற்றிக்கொண்டே கேட்டாள். "அப்பா, இது எதுக்கு?"

"மூடிப்போன சுரங்கத்து டோக்கன்மா. உள்ள இறங்கறப்ப பலகை ஆணியில மாட்டணும். ஏறி வந்ததும் எடுத்துக்கணும். யார் கீழ இருக்காங்கன்னு பலகையே சொல்லிடும். யாரும் ஞாபகம் வெச்சிக்கத் தேவையில்ல."

தாரா துள்ளி எழுந்தாள். "அப்பா! சுத்தியல் எங்க?"

பத்தே நிமிடத்தில் பலகை தயார். மேலே மூன்று ஆணி, கீழே மூன்று ஆணி. ஓட்டை போட்ட மூன்று சோடா மூடிகள். ஒன்றுக்கு அம்மாவின் சிவப்பு நகப் பூச்சு, இரண்டுக்கு வெள்ளைப் பெயின்ட். மாத்திரை வயிற்றுக்குள் இறங்கினால் மூடியும் கீழ் ஆணிக்கு இறங்கும். உடனே கரண்டியால் டம்ளரில் 'டிங் டிங்' என்று மணி அடிக்க வேண்டும். காலையில் எல்லா மூடிகளும் மேலே ஏறிவிடும்.

"ஒரு கேஜ்ல ஒருத்தர்தான்!" என்று தாரா சட்டம் போட்டாள்.

"உத்தரவு, மேஸ்திரி" என்றார் அம்மா.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தாராவுக்குக் கணக்கே ஓடவில்லை. மணி அடித்ததும் ஒரே ஓட்டம். வாசலிலிருந்தே பார்த்தாள். சிவப்பு மூடி கீழே தொங்கியது!

"இறங்கிடுச்சு!" தாரா போட்ட கூச்சலில் பார்வதம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"இன்னாடி இறங்கிச்சு? பூமியா?"

தாரா பலகையைக் காட்டி எல்லாம் சொன்னாள். தினமும் மத்தியானம் அம்மாவுக்கு டீ கொண்டு வருவது பார்வதம்மாதான். "அய்யய்யோ, இனிமே என் டீதான் எல்லாத்தையும் கெடுக்குமா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னா ஷாலினி, மணி சத்தமே காணோம்? சிவப்பு இறங்காம டீ கெடையாது!" மணி கேட்டதும் கடிகாரத்தைப் பார்ப்பார். சரியாக ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ வரும்.

வியாழக்கிழமை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு மறுபடியும் ஒரு சிவப்பைக் கையில எடுத்துட்டேன்டி. பலகையைப் பார்த்தா மூடி கீழ தொங்குது. நல்லவேளை!"

ஒரு மாதம் ஓடியது. ஃப்ளோரா அக்கா வரும் நாளும் வந்தது. அன்று சனிக்கிழமை, ஆனாலும் தாரா நான்கு மணிக்கே எழுந்துவிட்டாள். பார்வதம்மா பதினோரு மணிக்கே ஓர் உலை மூடியோடு வந்து நின்றார். எதற்கு மூடி என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு குத்து. ஒரு சொட்டு. மெஷின் யோசித்தது. தாரா எட்டிப் பார்த்தாள்.

10.3.

"தாண்டிடுச்சு!" தாரா எகிறிக் குதித்தாள். பார்வதம்மா உலை மூடியைக் கரண்டியால் டமடமவென்று தட்டினார். நாய் குரைத்தது. தம்பி விழித்து, எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினான்.

"கோலாருக்குப் போக வேணாம்" என்றார் ஃப்ளோரா அக்கா. "ஆனா நிறுத்திடாத ஷாலினி. இன்னும் மூணு மாசம் போடணும்."

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். முன்போலத் தலை சுற்றிச் சுவரைப் பிடிக்கவில்லை. நேராகப் பலகையிடம் நடந்தார். ஒரு சிவப்பு மாத்திரையை வாயில் போட்டார். எலுமிச்சைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சிவப்பு மூடியைக் கீழ் ஆணியில் மாட்டினார்.

"கூச்சலெல்லாம் அப்புறம். சிவப்பு இறங்கிடுச்சு. மணி அடிடி!"